மலைச் சரிவும் கிணற்று நீரும்

நிலத்தை நாம் ஆளும் விதத்தைப் பொறுத்தே நமக்கு நீரும் அமைகின்றது. பேளுக்குறிச்சி கொல்லிமலையின் அடிவாரத்து ஊர். மலைச் சரிவில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கி, ஏரிகளில் தங்கி, மண்ணுள் ஊறிக் கிணறுகளில் சுரக்கின்றது. ஆகவே, மேலே உழுபவரின் செயல் கீழே நீர் இறைப்பவரைத் தொடாமற் போகாது.

முன்னாளில் மலையில் சாமை, தினை, கேழ்வரகு மிகுதியாக விளைந்தன. சென்ற சில பத்தாண்டுகளில் அவற்றின் இடத்தைப் பெரிதும் மரவள்ளி பற்றிக்கொண்டது. ரொக்கம் தரும் பயிராதலின், பயிரிடுவோரைக் குறைகூறுவதற்கில்லை. ஆயினும், நட்ட முதல் சில மாதங்களில் அதன் இலை நிலத்தை மூடுவதில்லை. அறுவடையிலோ கிழங்குடன் மண்ணும் கிளறப்படுகின்றது. கிளறிய மண்ணைக் கனமழை அடித்துச் சென்று, ஓடையைக் கலக்கி ஏரியைத் தூர்க்கின்றது. தூர்ந்த ஏரியில் நீரும் குறைவாகவே நிற்கும். கிணற்றுக்கு ஊறுவதும் குறையும்.

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் ஜவ்வரிசி ஆலைகளில் மாவைப் பிரித்தபின் எஞ்சும் நீர் புளிப்பும் மாப்பொருளும் மிக்கது. அதனை அப்படியே ஓடையில் விடின், நுண்ணுயிர்கள் பெருகி நீரிலுள்ள பிராணவாயுவைத் தீர்த்துவிடும். மீன் மடியும், துர்நாற்றம் எழும். அதே கழிவை மூடிய தொட்டியில் புளிக்கவைத்தால் எரிவாயு கிட்டி, ஆலைக்கே எரிபொருளாகும்.

நெசவுத் தொழிலுக்கும் இதில் பங்குண்டு. சாயத்தின் நிறம் கண்ணுக்குத் தெரியும். சாயம் நூலில் ஏறுவதற்கு இடும் உப்போ கண்ணுக்குத் தெரியாது. சாதாரண வடிகட்டலில் நீங்கவும் நீங்காது. பாசனத்திற்கென நொய்யலின் குறுக்கே கட்டப்பெற்று 1992-இல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கிற்று; அந்நீர் பயிருக்கு ஆகாமற் போயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. முன்னர் உழவர் விளைச்சலை இழந்தனர். பின்னர் தொழிலாளர் வேலையை இழந்தனர். நீர் கெட்டபோது இரு சாராரும் நலிந்தனர்.

நாம் செய்யத்தக்கவை கடினமானவையல்ல. சரிவுக்குக் குறுக்கே வரிசை பிடித்து நடுக, கல்வரப்பு இடுக, மரவள்ளியிடையே பயறு வகைகளை ஊடுபயிராக விதைக்க, ஓடைக்கரையை உழாது புல்லும் மரமும் வளர விடுக, மழை வரும் வேளையில் உரம் தூவாதிருக்க, சாயநீரை ஓடையில் கொட்டாதிருக்க. ஒருவர் மட்டும் செய்தால் பயன் சிறிது. மேட்டு நிலத்தாரும் பள்ளத்து நிலத்தாரும் கூடித் தீர்மானித்தால் பயன் பெரிது. சங்கம் என்பது அதற்கன்றோ?