மலையேறினால் மாதம் மாறும்

ஆடி மாதத்தில் தேனி மாவட்டத்துத் தேவாரம் ஊரின் மேற்கு வானத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்பவர், ஓர் இயற்பியல் பாடத்தைக் கண்ணாலேயே படித்துவிடலாம். மலை விளிம்பில் வெண்மேகம் திரண்டு நிற்கும். காற்று அதை நம் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆனாலும் அது ஊருக்கு வந்து சேராது. விளிம்பைத் தாண்டிச் சிறிது தூரம் இறங்கியதும் நுனி நுனியாகக் கரைந்து மறைந்துவிடும். பின்னாலிருந்து புது மேகம் வந்துகொண்டே இருப்பதால், பார்ப்பவருக்கு எல்லாம் அசையாமல் நிற்பதாகத் தோன்றும். ஊருக்குள் இறங்குவது காற்றும் புழுதியும்தான். எப்போதாவது முகத்தில் நாலு துளி சாரல் விழும்.

காரணம் இதுதான். அரபிக்கடல் ஈரத்தைச் சுமந்துவரும் தென்மேற்குப் பருவக்காற்று, கேரளப் பக்கத்தில் மலைமேல் ஏறும்போது குளிர்ந்து மழையைக் கொட்டிவிடுகிறது. ஆவி நீராகும்போது வெப்பம் வெளியாவதால், மேகத்துக்குள் ஏறும் காற்று கிலோமீட்டருக்கு ஐந்தாறு டிகிரி செல்சியஸ்தான் குளிர்கிறது. உச்சியைத் தாண்டி ஈரம் இழந்து இறங்கும்போதோ கிலோமீட்டருக்குப் பத்து டிகிரி வரை சூடேறுகிறது. மேகத் துளிகள் அந்தச் சூட்டில் மறுபடி ஆவியாகிவிடுகின்றன. மலைக்கு அந்தப் பக்கம் உடும்பன்சோலையில் குடை மடக்க முடியாத அதே நாளில் தேவாரத்து மானாவாரிக் காடு வாடிக் கிடப்பது இதனால்தான்.

ஆகவே இந்தச் சரிவில் நடப்பதும் சமவெளியில் நடப்பதும் ஒன்றல்ல. அடிவாரத்துக்கும் மலைமேல் உள்ள போடிமெட்டுக்கும் இடையே ஏறக்குறைய 1,000 மீட்டர் உயர வேறுபாடு இருக்கிறது. ஆனி, ஆடியில் கீழே கோடையின் மிச்சம்; மேலே நடுமழைக்காலம். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வந்ததும் நிலைமை மாறும். கிழக்கு பார்த்த இந்தச் சரிவு அப்போதுதான் நனைந்து, அடிவாரம் பச்சை பிடிக்கும். ஏலத்தோட்ட வேலைக்கு விடியுமுன் ஜீப்பில் ஏறுபவர்களும், சாக்குலூத்து மெட்டுக்குப் பழைய பாதையில் நடந்தே ஏறுபவர்களும் ஒரே நாளில் இரண்டு பருவங்களைக் கடந்து போய் வருகிறார்கள்.

பருவத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பது என்றால் இங்கிலாந்தின் பெயர்தான் முதலில் வரும். நார்ஃபோக் பகுதியில் வாழ்ந்த ராபர்ட் மார்ஷம் என்ற நிலக்கிழார் 1736-இல் தொடங்கி, வசந்தத்தின் அடையாளங்களை ஆண்டுதோறும் குறித்துவந்தார். முதல் குயில் எந்தத் தேதியில் கூவியது, ஓக் மரம் என்று இலை விட்டது, தவளை என்று கத்தத் தொடங்கியது என்பவை போன்ற எளிய குறிப்புகள். அவர் இறந்தபிறகு வழித்தோன்றல்கள் அந்த நோட்டைத் தொடர்ந்தார்கள், 1958 வரை. வெப்பநிலை மாற மாற மரங்கள் இலைவிடும் தேதி எப்படி மாறியது என்று பின்னாளில் ஆராய்ந்தவர்களுக்குக் கிடைத்த பெரும் புதையல் அது. ஆய்வுக்கூடமோ கருவியோ இல்லாமல், ஒரே இடத்தை விடாமல் பார்த்து எழுதிய ஒரு குடும்பத்தின் வேலை!

அமெரிக்கப் பூச்சியியல் அறிஞர் ஆண்ட்ரூ ஹாப்கின்ஸ் 1918-இல் ஒரு விதியையே வகுத்தார்: 400 அடி உயரம் ஏறினால் வசந்தம் நான்கு நாள் தாமதமாகும். குளிர்நாடுகளுக்கு இது ஓரளவு பொருந்தும். அங்கே பருவத்தை ஆள்வது வெப்பம். நம் மலையில் ஆள்வது நீரும் காற்றும். அந்த விதியை அப்படியே கொண்டுவந்து போடிமெட்டுச் சாலையில் ஒட்டவைக்க முடியாது. நமக்கான விதியை நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. மாசி, பங்குனியில் மண் வெடித்துக் கிடக்கும்போது அரசும் புங்கையும் தளதளவென்று துளிர்க்கின்றன. மழை இன்னும் மாதக்கணக்கில் தள்ளி இருக்கிறது. நீரைச் சேமிக்க வேண்டிய நேரத்தில் மரம் ஏன் இளந்தளிரை விடுகிறது? முதுமலைக் காட்டில் கே.எஸ். முரளியும் ஆர். சுகுமாரும் செய்து 1993-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல விடை தந்தது. இலை தின்னும் பூச்சிகள் மழைக்குப் பிறகுதான் பெருகுகின்றன. மழைக்கு முன்பே துளிர்த்த மரங்களின் இலைகள், பூச்சிகள் கிளம்புவதற்குள் முற்றிவிடுவதால் சேதம் குறைந்தது. பின்தங்கித் துளிர்த்தவை அதிகம் கடிபட்டன. கோடைத் துளிரின் பின்னால் இவ்வளவு கணக்கு இருக்கிறது என்று தெரிந்தபின், புங்கமரத்து நிழலைச் சும்மா கடந்துபோக மனம் வராது.

போடி என்றதும் ஏலக்காயை நினைப்பவர்கள் இலவத்தை மறந்துவிடுகிறார்கள். அடிவாரத் தோட்டங்களில் மார்கழி, தை வாக்கில் இலையெல்லாம் உதிர்த்து, கிளைகளைக் கிடைமட்டமாக நீட்டிக்கொண்டு நிற்கும் மரம் அது. அதன் பூ பகலில் பார்ப்பவருக்கானதே அல்ல. அந்தியில் விரியும், இரவில் தேன் சுரக்கும், பழந்தின்னி வௌவால்கள் வந்து முகம் புதைத்துக் குடிக்கும்போது மகரந்தம் அவற்றின் மயிரில் ஒட்டி அடுத்த மரத்துக்குப் போகும். மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை இரவெல்லாம் விழித்திருந்து பதிவுசெய்து 2005-இல் வெளியிட்டார்கள். மறுநாள் காலை மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் மங்கலான வெண்பூக்கள்தான் நம் கண்ணில் படுபவை. பங்குனி, சித்திரையில் காய் வெடித்துப் பஞ்சு பறக்கும்போது, போடியின் மெத்தைக்கும் தலையணைக்கும் அந்த வௌவால்கள் செய்த உதவியை யாராவது ஒருவராவது நினைத்துப் பார்க்க வேண்டும்.

வௌவால் என்றதும் பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கம் திரும்பியாக வேண்டும். கிழக்கே தெரியும் மேகமலையில் 1948-இல் ஆங்கஸ் ஹட்டன் என்பவர் ஒரு வௌவாலைப் பிடித்துப் பாடம்செய்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குச் சேர்த்தார். சாதாரணப் பழந்தின்னி வௌவால் என்ற பெயரோடு அது பெட்டியில் கிடந்தது. தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தோங்லோங்யா அதை எடுத்து ஆராய்ந்து, உலகில் வேறெங்கும் அறியப்படாத ஒரு பேரினம் என்று அறிவித்தது 1972-இல். பறவையியலாளர் சலீம் அலியின் பெயர் தாங்கிய அந்த வௌவால் நம் தேனி மாவட்டத்தின் சொத்து. தோலும் எலும்பும் கெடாமல், பிடித்த இடத்தின் பெயரோடு காத்திருந்ததால்தான் இருபத்துநான்கு ஆண்டு கழித்தும் அந்த உண்மை வெளிவந்தது.

மேலே ஏலத்தோட்டத்துக்குள் நுழைந்தால் குனிந்துதான் பார்க்க வேண்டும். ஆள் உயரத்துக்கு மேல் தழை நிற்க, பூ மட்டும் தூரோடு தரையில் படரும் சரத்தில் பூக்கிறது. வெள்ளை நாக்குப்போல ஓர் இதழ். அதன் நடுவில் ஊதாக் கோடுகள். அந்தக் கோடுகள் தேனீக்கு வழிகாட்டும் தடம். விடியலில் விரியும் பூவுக்கு அன்று ஒருநாள்தான் ஆயுள். அதற்குள் அடுக்குத் தேனீயோ மலைத்தேனீயோ வந்தாக வேண்டும். அடைமழை பெய்தால் தேனீ வெளியே வராது, அந்தப் பூ வீண். வந்தால் மூன்று நான்கு மாதத்தில் காய் முற்றும். ஒரே தூரில் பூவும் பிஞ்சும் முற்றிய காயும் சேர்ந்தே இருப்பதால், காய் எடுப்பவர்கள் மாதம் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை அதே தூருக்குத் திரும்பி வருகிறார்கள். பழுக்கவிட்டால் உலர்த்தும்போது வெடிக்கும், முந்தினால் சுருங்கும். இடையிலுள்ள அந்தச் சில நாள்களைத் தொட்டே அறியும் பெண்களின் விரல்களை மிஞ்சும் கருவி இல்லை. 2024 கோடையில் மழை தவறி வெயில் கொளுத்தியபோது, இடுக்கி மலையில் ஏலச்செடிகள் கூட்டம் கூட்டமாகக் கருகின. அந்த ஆண்டு எந்த வாரத்தில் சரம் கிளம்பியது, எந்த உயரத்தில் முதலில் வாடியது என்பதெல்லாம் அங்கே வேலை செய்தவர்கள் கண்ணால் கண்டது. எழுதப்படாததால் அறிவியலுக்கு வந்து சேரவில்லை.

புரட்டாசி வந்துவிட்டால் ஓடைக் கற்களில் வாலை ஆட்டிக்கொண்டு சாம்பல் வாலாட்டி தென்படும். இமயப் பகுதியிலிருந்தும் அதற்கும் வடக்கிலிருந்தும் வருவது. அதைத் தொடர்ந்து ஆறுமணிக்குருவி வரும்; காலையும் மாலையும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் கிராமம் அதற்கு வைத்த பெயர் அது. வேலியோரம் செங்காந்தள் ஏறும். அதன் இலையை நுனிவரை பாருங்கள்: நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு பக்கத்துக் குச்சியைப் பிடித்திருக்கும். முதலில் பச்சை கலந்த மஞ்சளாக விரியும் பூ, நாள்பட நாள்படச் சிவந்துகொண்டே போகும். முன்மாலை மழைக்குப் பின் ஈசல் கிளம்பும்.

நடப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று மூண்ட காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். காய்ந்த புல்லும் மேலெழும் காற்றும் சேர்ந்தால் தீ சரிவில் ஆளைவிட வேகமாக ஏறும். கோடையில் காட்டுக்குள் போக வேண்டாம். மற்ற மாதங்களிலும் வனத்துறை அனுமதி கட்டாயம். தேவாரம் தோட்டங்களில் யானை நடமாட்டமும் உண்டு, இருட்டில் நடக்கக் கூடாது. பருவத்தைப் படிக்கக் காட்டுக்குள் போகவும் தேவையில்லை. கண்மாய்க் கரை, பள்ளிக்கூடத்துப் புளியமரம், ஜீப் நிற்கும் இடம் போதும்.

2010-இல் தொடங்கிய ‘சீசன்வாட்ச்’ என்ற மக்கள் அறிவியல் திட்டம் இதைத்தான் கேட்கிறது: ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, தளிர், பூ, காய் நிலையை வாரந்தோறும் குறியுங்கள். கேரளத்துப் பள்ளி மாணவர்கள் ஆயிரக்கணக்கில் இதைச் செய்கிறார்கள். இந்தப் பக்கத்துச் சரிவிலிருந்தும் குறிப்புகள் சேர வேண்டும் என்பது என் ஆசை. அடிவாரத்து இலவம் முதலில் பூக்கிறதா, சரிவில் பாதி உயரத்தில் நிற்பதா? கீழ் மரம் முந்தினால் வெப்பத்தின் கை ஓங்கியிருக்கலாம். மேல் மரம் முந்தினால் நீரின் கணக்கைத் தேட வேண்டும். அதைச் சொல்லத் தேவை ஒரு நோட்டும், தினமும் அந்த இரண்டு மரங்களைக் கடந்துபோகும் ஓர் ஆளும். அப்படிப்பட்டவர்கள் காலை ஜீப்பில் பத்துப் பேர் இருக்கிறார்கள்.