வீடும் உரிமையும்

இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அண்டை ஊர்கள். ஆயினும் இயல்பால் வேறுபட்டவை. முன்னது, தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட ராஜூக்கள் குடியேறி வளர்த்த ஊர். 1936ஆம் ஆண்டில் பி.ஏ.சி. இராமசாமி ராஜா அங்கே நூற்பாலை நிறுவினார். பின்னது, ஆண்டாள் கோயிலைச் சூழ்ந்து வளர்ந்த திருத்தலம். பல மொழியினரும் பல தொழிலினரும் கலந்து வாழும் இத்தகைய ஊர்களில், விற்பவரின் குடும்ப வரலாறு வாங்குபவருக்குத் தெரிந்திருக்குமென்று சொல்ல முடியாது. ஆகவே ஆவணங்களைக் கொண்டே உண்மையை அறிதல் வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக உணர வேண்டும். முன்பணம் கொடுத்து எழுதிக்கொள்ளும் விற்பனை உடன்படிக்கையால் மட்டும் வீடு நமதாகிவிடாது. நூறு ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள வீடு, பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரத்தின் மூலமே விற்பனையால் கைமாறும் என்பது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம். அப்படிப் பதிவு செய்தாலும், விற்பவருக்கு இல்லாத உரிமையைப் பதிவு உண்டாக்கித் தந்துவிடாது.

அவ்வுரிமையை ஆராய உதவுவது வில்லங்கச் சான்று. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான விற்பனை, அடமானம், பாகப்பிரிவினை ஆகியவற்றை அது காட்டும். பதிவு செய்யப்படாத உயிலையோ, வாய்மொழிப் பிரிவினையையோ அது காட்டாது. மூலப் பத்திரத்தை நேரில் காண வேண்டும் என்று பெரியோர் வற்புறுத்துவது இதனாலேதான்.

வீடு பூர்விகச் சொத்தாயின் இன்னும் விழிப்பு வேண்டும். 1989ஆம் ஆண்டின் தமிழகத் திருத்தமும் 2005ஆம் ஆண்டின் நடுவண் அரசுத் திருத்தமும், இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை அளித்தன. தந்தையும் மகனும் மட்டும் கையொப்பமிட்டு விற்றால், பின்னாளில் மகள் தன் பங்கைக் கோர இடமுண்டு. அவ்வழக்கில் வாங்கியவரின் வாழ்நாள் சேமிப்பே கரைந்துபோகலாம்.

கோயில் நகரங்களில் மனை யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும். அறநிலையத்துறை ஆணையரின் அனுமதியின்றிக் கோயில் நிலத்தை விற்பது 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி செல்லாது. மேலே நிற்கும் வீடு எத்துணை அழகியதாயினும், அடிமனை பிறருடையதாயின் அமைதி ஏது?

1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக விளங்கிய பி.எஸ். குமாரசாமி ராஜா, இராஜபாளையத்தில் இருந்த தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்திற்கு வழங்கினார். விற்பதற்கு மட்டுமன்று, கொடையாக வழங்குவதற்கும் உரிமை தெளிவாக இருத்தல் வேண்டும். மாணவர்களே, உங்கள் இல்லத்துப் பத்திரத்தை ஒருமுறை பெற்றோருடன் அமர்ந்து படித்துப் பாருங்கள்.