புத்தகம் வருமுன்பே பணம் கொடுத்த 320 பேர்!

சொந்தச் செலவில் பயண நூல் போட்டவர்கள் அதை எப்படி விற்றார்கள்?

கைப்பணத்தைப் போட்டுச் சொந்தமாகப் புத்தகம் அச்சடிப்பவர்களுக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு. அச்சகத்திலிருந்து வரும் கட்டுகள் கட்டிலுக்கு அடியிலேயே தங்கிவிடுமோ என்ற பயம்தான் அது.

காசிக்குப் போய் வந்தவர்கள், இமயமலைப் பக்கம் நடந்தவர்கள், கப்பலில் வேலை பார்த்து நாலு தேசம் சுற்றியவர்கள் நம்மிடையே ஏராளம். பார்த்ததை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருப்பவர்களும் உண்டு. ஆனால், "இதை யார் வாங்குவார்கள்?" என்ற கேள்வி வந்ததும் நோட்டு மறுபடி பெட்டிக்குள் போய்விடும். ஒரு மாதச் சம்பளத்தையோ இரண்டு மாதச் சம்பளத்தையோ அச்சகத்தில் கொண்டு கொட்ட எந்தக் குமாஸ்தாவுக்குத்தான் மனம் வரும்?

இந்தக் கேள்விக்கு 200 ஆண்டுகளுக்கு முன்பே ஓர் இந்தியர் பதில் கண்டார். அதுவும் சொந்த ஊரில் அல்ல. கடல் கடந்து, அயர்லாந்து நாட்டில்!

அவர் பெயர் தீன் முகமது. இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் புத்தகம் அவருடையதுதான். அது ஒரு பயண நூல். 1794-ம் ஆண்டு கார்க் என்ற ஊரில் வெளிவந்தது.

பாட்னாவிலிருந்து கார்க் வரை

தீன் முகமது 1759-ல் பாட்னாவில் பிறந்தார். தகப்பனார் கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில் சுபேதார். மகன் சிறுவனாக இருந்தபோதே தகப்பனார் சண்டையில் உயிரிழந்தார். 1769-ல், பத்து வயதை ஒட்டிய பையனாக இருந்த தீன் முகமது, பேக்கர் என்ற இளம் ஐரிஷ் அதிகாரியிடம் ஒட்டிக்கொண்டார். தாயார் எவ்வளவோ தடுத்தும் கேட்காமல் படையோடு புறப்பட்டுவிட்டார்.

படை போன இடமெல்லாம் அவரும் போனார். காசி, அலகாபாத், முர்ஷிதாபாத், கல்கத்தா, டாக்கா என்று பல ஊர்களைப் பார்த்தார். தகப்பனாரைப் போலவே தாமும் சுபேதார் ஆனார். 1782-ல் பேக்கர் வேலையை விட்டபோது இவரும் விட்டார். கப்பலேறி 1784-ல் பேக்கரின் ஊரான கார்க் போய்ச் சேர்ந்தார். அங்கே ஆங்கிலம் படித்தார். ஜேன் டேலி என்ற ஐரிஷ் பெண்ணை மணந்து குடும்பஸ்தர் ஆனார்.

அந்த ஊரில் பத்து ஆண்டுகள் வாழ்ந்த பிறகே அவருடைய புத்தகம் வந்தது. இரண்டு பாகங்கள், மொத்தம் 38 கடிதங்கள். நண்பர் ஒருவருக்கு எழுதுவதுபோல், தாம் கண்ட ஊர்களையும், மக்களின் பழக்க வழக்கங்களையும், படையின் நடமாட்டத்தையும் சொல்லிக்கொண்டு போகிறார். அந்த நாளில் இந்தியாவைப் பற்றி ஆங்கிலத்தில் புத்தகம் எழுதியவர்கள் எல்லோரும் ஐரோப்பியர்களே. இந்த மண்ணில் பிறந்தவன் இதைப் பற்றிச் சொல்கிறேன் என்று முதன் முதலில் எழுந்து நின்றவர் இவர்தான்.

அரை கிரவுன் நம்பிக்கை

சரி, அச்சுக் கூலிக்கு என்ன செய்தார்? எழுத்தாளர் என்று அவருக்குப் பெயர் கிடையாது. பிறந்த தேசம் வேறு, மொழியும் வேறு.

அன்று வழக்கில் இருந்த சந்தா முறையை அவர் கையில் எடுத்தார். "இப்படி ஒரு புத்தகம் போடப் போகிறேன். விரும்புகிறவர்கள் முன்பணம் கட்டலாம்" என்று பத்திரிகைகளில் விளம்பரம் செய்தார். ஆளுக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ் முன்பணம். அந்த ஊர்க் கணக்கில் அரை கிரவுன்.

பணம் கட்டியவர்கள் 320 பேர்! கூட்டிப் பார்த்தால் 40 பவுன் ஆகிறது. அந்தக் காலத்தில் 40 பவுன் என்பது சில்லறைப் பணம் அல்ல. ஒரு பிரதிகூடக் கைக்கு வருவதற்கு வெகு நாள் முன்பே, அந்த வட்டாரத்துப் பெரிய மனிதர்கள் பலர் இப்படிப் பணம் கட்டிவிட்டார்கள். சந்தா கட்டியவர்களின் பெயர்களைப் புத்தகத்திலேயே அச்சிட்டுக் கௌரவிப்பதும் அக்கால வழக்கம்.

வெறும் விளம்பரத்தைப் பார்த்து முன்பின் தெரியாதவனிடம் யாரும் பணம் கொடுக்க மாட்டார்கள். தீன் முகமது பத்து வருடமாக அந்த ஊரில் எல்லோர் கண்ணிலும் பட்டு வாழ்ந்தவர். அவர் சொன்ன கதைகளை நேரில் கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். பழகிய பழக்கம்தான் அரை கிரவுனாகத் திரும்பி வந்தது. புத்தகத்துக்கு முன்னால் மனிதரைத் தெரிந்திருந்தது. அதுதான் அவருடைய மூலதனம்.

பின்னாளில் அவர் லண்டன் சென்றார். 1810-ல் அங்கே இந்தியச் சாப்பாட்டுக் கடை ஒன்றைத் திறந்தார். லண்டனில் இந்தியர் ஒருவர் நடத்திய முதல் சாப்பாட்டுக் கடை அதுதான். ஆனால் வரவுக்கும் செலவுக்கும் கட்டவில்லை. 1812-ல் திவாலானார்.

அதோடு அவர் உட்கார்ந்துவிடவில்லை. கடற்கரை ஊரான பிரைட்டனுக்குப் போய், உடம்பைப் பிடித்துவிடும் குளியல் நிலையம் தொடங்கினார். 'சாம்போ' என்ற நம் நாட்டுச் சொல் 'ஷாம்பு' ஆகி அங்கே நிலைத்ததில் இவருக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தச் சிகிச்சையைப் பற்றியும் 1822-ல் ஒரு புத்தகம் போட்டார். அதில் என்ன சேர்த்தார் தெரியுமா? குணமடைந்தவர்கள் எழுதிய நன்றிக் கடிதங்களை! தம்மைப் பற்றித் தாமே சொல்வதைவிடப் பயன் பெற்றவர்கள் சொன்னால் எடுபடும் என்பதை அவர் அறிந்திருந்தார். அந்தப் புத்தகம் 1826-லும் 1838-லும் மறுபடி வந்தது. இங்கிலாந்து மன்னர்கள் இருவருக்கு ஷாம்பு வைத்தியராக இருந்த பெருமையுடன் 1851-ல் அவர் காலமானார்.

கடிதங்களைக் காத்த நண்பர்

இனி நம் பக்கத்துக் கதை ஒன்று. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் தலைமை மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் ஏனுகுல வீராசாமி. உத்தியோகஸ்தர். 1830-ம் ஆண்டு மே 18-ந்தேதி காசி யாத்திரை புறப்பட்டார். பரிவாரம் சுமார் 100 பேர். ரயில் இல்லாத காலம். பல்லக்கிலும் கால்நடையாகவும் ஐதராபாத், நாகபுரி வழியாகக் காசி போய், கயை, பூரி எல்லாம் பார்த்து, 1831 செப்டம்பர் 3-ந்தேதி சென்னை திரும்பினார். 15 மாதப் பயணம்!

போகிற வழியெல்லாம் தாம் கண்டதைக் கோமளேஸ்வரன்பேட்டை சீனிவாசப் பிள்ளை என்ற நண்பருக்குக் கடிதமாக எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார். சாலை எப்படி, சத்திரம் எப்படி, என்ன சாமான் எங்கே கிடைக்கும், ஜனங்கள் எப்படிப் பழகுகிறார்கள் என்று ஒன்று விடாமல் எழுதினார்.

1836-ல் வீராசாமி இறந்துபோனார். நண்பர் அந்தக் கடிதங்களைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. ஒழுங்குபடுத்தி 1838-ல் 'காசி யாத்திரை சரித்திரம்' என்ற பெயரில் தெலுங்கில் அச்சிட்டு வெளியிட்டார். எழுதியவர் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் அன்றைய இந்தியா எப்படி இருந்தது என்று அறிய விரும்பும் ஆராய்ச்சியாளர்கள் இன்றும் அந்த நூலைப் புரட்டுகிறார்கள். ஒரு நண்பர் இல்லாவிட்டால் அந்த 15 மாதமும் காற்றோடு போயிருக்கும்.

பதிப்பாளர் மறுத்தால்?

வங்காளத்தில் ராம்நாத் பிஸ்வாஸ் என்று ஒருவர் இருந்தார். சில்ஹெட் பகுதியில் 1894-ல் பிறந்தவர். பிழைப்புக்காக மலேயா போனார். 1931 ஜூலையில் சிங்கப்பூரிலிருந்து சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பினார். சீனா, ஜப்பான், ஆப்கானிஸ்தான், ஐரோப்பா, ஆப்பிரிக்கா என்று பல தவணைகளில் சுற்றினார்.

திரும்பி வந்து எழுதிய கட்டுரைகளைப் பத்திரிகைகள் வெளியிட்டன. ஆனால் புத்தகமாகப் போடப் பதிப்பாளர்கள் முன்வரவில்லை. அவர் என்ன செய்தார்? கல்கத்தாவில் தாமே ஒரு பதிப்பகம் தொடங்கினார். அதன் பெயரிலேயே 'பர்யடக்', அதாவது 'பயணி', என்ற சொல் இருந்தது. பத்திரிகையில் அவரைப் படித்துப் பழகிய வாசகர்கள் இருந்ததால் புத்தகம் தனியாக நிற்கவில்லை. 30-க்கும் மேற்பட்ட நூல்களை அவர் எழுதினார்.

தமிழில் ஏ.கே.செட்டியாரை மறக்க முடியுமா? 'உலகம் சுற்றும் தமிழன்' என்று பெயர் வாங்கியவர். கோட்டையூரில் 1911-ல் பிறந்து, ஜப்பானிலும் அமெரிக்காவிலும் புகைப்படக் கலை படித்து, காந்தியடிகளைப் பற்றிய ஆவணப் படத்துக்காகக் கண்டம் கண்டமாக அலைந்தவர். 1943-ல் 'குமரி மலர்' என்ற பத்திரிகையைத் தொடங்கி, 1983-ல் மறையும்வரை அதற்காகவே உழைத்தார். தாம் எழுதியதோடு நிற்காமல், பிறர் எழுதிய பழைய பயணக் கட்டுரைகளையும் தேடித் தேடித் தொகுத்து 1968-ல் நூலாக்கினார். பிறர் எழுத்தை மதித்தவருக்கு வாசகர் வட்டம் தானே அமைந்தது.

நாம் செய்யக்கூடியது என்ன?

இவர்கள் நால்வரும் வெவ்வேறு காலத்தவர்கள். ஆனாலும் நால்வர் கதையும் ஒன்றைத்தான் சொல்கிறது. புத்தகத்தை முதலில் வாங்குபவர், எழுதியவரை ஏற்கெனவே அறிந்தவர். ஆகவே சொந்தமாக நூல் போட நினைக்கும் வாசகர்கள் அச்சகத்துக்குப் போகுமுன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

அதில் பெயர்களை எழுதுங்கள். அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர், லோக்கல் ரயிலில் தினமும் கூட வருகிறவர், தமிழ்ச் சங்க நண்பர், ஊரில் உள்ள ஆசிரியர், பயணத்தில் இடம் கொடுத்து உதவியவர் என்று எல்லோரையும் சேருங்கள். ஒவ்வொருவரிடமும் புத்தகத்தின் ஓர் அத்தியாயத்தைப் படித்துக் காட்டுங்கள். அல்லது அனுப்பி வையுங்கள். பிடித்திருந்தால் முன்பணம் கேளுங்கள். இதில் வெட்கம் வேண்டாம். சினிமா டிக்கெட்டுக்குப் பணம் கொடுக்கும் நண்பர் உங்கள் புத்தகத்துக்கும் கொடுப்பார்.

முன்பணம் கட்டியவர்கள் 80 பேர் என்றால் 100 பிரதி போடுங்கள். ஈய எழுத்துக் கோத்த காலத்தில் 500, 1,000 என்று அடித்தால்தான் கட்டுப்படியாகும். இன்று 50 பிரதிகூட அச்சிட்டுத் தருகிறார்கள். தீர்ந்தால் மறுபடி அடித்துக்கொள்ளலாம். கட்டிலுக்கு அடியில் கட்டுகள் தூங்க வேண்டிய அவசியம் இல்லை.

கண்டவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுக்காதீர்கள். இனாமாக வந்த புத்தகத்தைப் பிரித்துப் பார்ப்பவர்கள் குறைவு. நூலகத்துக்கும், படித்துவிட்டு நாலு பேரிடம் சொல்லக்கூடியவருக்கும் மட்டும் கொடுங்கள். வாங்கிய முன்பணத்துக்குச் சரியாகக் கணக்கு வைத்து, சொன்ன தேதியில் பிரதியைக் கையில் சேர்த்துவிடுங்கள். ஒரு முறை தவணை தவறினால் அடுத்த புத்தகத்துக்கு யாரும் நம்ப மாட்டார்கள்.

நட்பு ஒருவழிப் பாதை அல்ல. வேறொருவர் சொந்தமாகப் புத்தகம் போட்டால் நீங்களும் காசு கொடுத்து வாங்கிப் படியுங்கள். படித்ததைப் பற்றி அவருக்கு இரண்டு வரி எழுதுங்கள். பிற்பாடு உங்கள் புத்தகம் வரும்போது அவர் சும்மா இருக்கமாட்டார்.

சட்டம் சொல்வது

சொந்தமாக நூல் வெளியிடுகிறவர் சட்டப்படி பதிப்பாளர் ஆகிவிடுகிறார். 1954-ம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் ஒரு பிரதியைக் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும், மேலும் மூன்று பொது நூலகங்களுக்கு ஒவ்வொரு பிரதியும் தம் செலவில் அனுப்ப வேண்டும். சென்னை கன்னிமாரா நூலகமும், மும்பை மத்திய நூலகமும், டில்லிப் பொது நூலகமும் அந்த மூன்று. இது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களிலும் சிலர் நாலு பிரதி வீண் என்று நினைக்கிறார்கள். வீண் அல்ல. வீட்டில் உள்ள பிரதியைக் கரையான் தின்றாலும் நூலகத்தில் உள்ளது பேரன் காலத்துக்கும் இருக்கும். புத்தகத்துக்கான ஐ.எஸ்.பி.என். எண்ணும் நம் நாட்டில் அரசு மூலம் இலவசமாகவே கிடைக்கிறது.

தீன் முகமதுவின் பயண நூல் அவர் காலத்தில் இரண்டாம் பதிப்பு காணவில்லை. மைக்கேல் ஃபிஷர் என்ற சரித்திர ஆசிரியர் 1990-களில் அதை மீண்டும் பதிப்பித்தார். இன்று உலகெங்கும் மாணவர்கள் படிக்கிறார்கள். பெரிய பதிப்பகமோ, அரசாங்கமோ அதைக் காப்பாற்றிக் கொடுக்கவில்லை. 320 பேர் நம்பிக் கொடுத்த அரை கிரவுன்தான் அதை அச்சில் ஏற்றியது.

பெட்டியில் இருக்கும் நோட்டை எடுங்கள். முதல் பெயரை இன்றே எழுதுங்கள்.