பேனைத் தின்னும் பேன்

பாயசத்தில் முத்து முத்தாக மிதக்கும் ஜவ்வரிசி எங்கே பிறக்கிறது என்று என்றைக்காவது எண்ணிப் பார்த்ததுண்டா? கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலை ஏறி வெள்ளிமலைப் பக்கம் போய்ப் பாருங்கள். அங்கே விளையும் மரவள்ளிக் கிழங்குதான் ஆலைக்குப் போய், மாவாகி, உருண்டு திரண்டு நம் வீட்டு டப்பாவுக்கு வருகிறது. மலைக் குடியானவர்களுக்குக் கையில் நாலு காசு தருவதும் அதுதான்.

கோடையில் மரவள்ளிக்கு ஒரு சத்துரு உண்டு; செஞ்சிலந்தி என்பார்கள். பெயர்தான் சிலந்தி, உண்மையில் எட்டுக் காலுள்ள ஒரு பேன். கடுகில் பாதி கூட இராது. இலையின் அடியில் குடும்பத்தோடு குடியேறிச் சாற்றை உறிஞ்சும். இலை வெளுத்து, மஞ்சளித்து, உதிர்ந்துவிடும்.

இந்தப் பேனைத் தின்ன இயற்கை இன்னொரு பேனையே படைத்திருப்பதுதான் விந்தை! 1971-ல் தென்னமெரிக்கப் பச்சைப் பேன் ஒன்று உகாண்டாவில் தலைகாட்டி, ஆப்பிரிக்க மரவள்ளியையே ஆட்டிவைத்தது. அதை அடக்கப் பிரேசிலிலிருந்து ஒரு வேட்டைப் பேனைத் தருவித்து 1993-ல் பெனின் நாட்டில் விட்டார்கள். பகலெல்லாம் மரவள்ளிக் கொழுந்துக்குள் பதுங்கிக் கிடக்கும். இருட்டியதும் இலைகளில் இறங்கி வேட்டையாடும். நம் வீட்டுப் பூனை தோற்றது போங்கள்!

"மருந்தைக் கொஞ்சமாகக் கலந்து அடித்தால் தோஷமில்லை" என்று நாம் நினைக்கிறோம் அல்லவா? சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. குறைந்த அளவு மருந்து வேட்டைப் பேனைக் கொல்லாமல் விடலாம். ஆனால் அது இடும் முட்டை குறைகிறது, நடை தளர்கிறது, இரை தேடும் சுறுசுறுப்புப் போய்விடுகிறது. செஞ்சிலந்தியோ பூச்சி இனமே அல்ல. பல பூச்சி மருந்துகள் அதை அசைப்பதில்லை.

நியூயார்க் நகரின் சென்ட்ரல் பார்க்கில் நடந்த கதை இது. எல்ம் மரங்களை ஒரு வண்டிடமிருந்து காக்க இமிடாகுளோபிரிட் என்ற மருந்தைச் செலுத்தினார்கள். நம் நாட்டிலும் சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு இதை அடிப்பதுண்டு. அதுவரை சாதுவாக இருந்த சிலந்திப் பேன் திடீரென்று பெருகிவிட்டது! 2011-ல் ஆராய்ச்சியாளர்கள் காரணத்தை வெளியிட்டார்கள். மருந்து ஏறிய பேனைத் தின்ற எதிரிகள் விஷத்துக்கு ஆளாயின. பேனோ முன்னைவிட அதிகமாக முட்டையிட்டது. காவல்காரன் மயங்கிக் கிடக்கத் திருடனுக்கு விருந்து!

மாடியில் கத்தரியும் ரோஜாவும் வளர்க்கும் சகோதரிகளே, இலை வெளுத்தவுடன் மருந்துப் புட்டியைத் தேடாதீர்கள். இலையின் அடியில் படும்படி நல்ல தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். தூசியும் வறட்சியும்தான் செஞ்சிலந்திக்குக் கொண்டாட்டம். அதற்கு முன் ஒரு இலையைத் திருப்பிப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். நூலாம்படைக்குள் மந்தமாக நகர்வது செஞ்சிலந்தி. பளபளவென்று, பேரிக்காய் வடிவில், ஓரிடத்தில் நில்லாமல் ஓடுகிறதே, அதை ஒன்றும் செய்யாதீர்கள்.