கையால் கற்ற கடல்



கடல் கண்ணுக்கெட்டாத தெமோதரையில் இருந்துகொண்டு பாய்க்கப்பலைப் பற்றிப் பேசுவானேன் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். ஆனால் கடலோடியை ஓட்டிய காற்று நமக்குப் புதியதன்று. ஈரத்தையெல்லாம் மேற்குச் சரிவுகளிலே மழையாகக் கொட்டிவிட்டு, மத்திய மலைகளைத் தாண்டி, வறண்ட காற்றாக ஊவாவினுள் இறங்குகிறதே, அந்தத் தென்மேல் பருவக்காற்றுத்தான் பல நூற்றாண்டுகளாக இந்து சமுத்திரத்து மரக்கலங்களின் பாய்களை நிறைத்தது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்குத் தனி மணத்தைக் கொடுப்பதும் அதே காற்றுத்தான். யாழ்ப்பாணத்துக் கடலோடிகள் அதனைச் சோளகம் என்றனர். வடகிழக்கிலிருந்து வருவதை வாடை என்றனர். சோளகத்தில் ஒரு திசை, வாடையில் மறு திசை. அதுவே அவர்களின் வருடக் கணக்கு.

காற்று பின்னாலிருந்து வீசினால் கலம் முன்னே ஓடும் என்பது எவருக்கும் விளங்கும். எதிரே வீசினால் என் செய்வது? காற்று வரும் திசையை நோக்கி நேராகச் செல்ல எந்தப் பாய்க்கலத்தாலும் முடியாது. இன்றைய நல்ல பாய்ப்படகு அத்திசைக்குச் சுமார் 45 பாகை விலகி ஓடும். பழைய சதுரப் பாய்க் கப்பல்களோ இன்னும் அதிகம் விலக வேண்டும். அவ்வாறு விலகி ஓடும்போது, பறவையின் சிறகுபோல வளைந்து நிற்கும் பாய் கலத்தை இழுக்கிறது. கலம் பக்கவாட்டில் வழுகிப் போகாமல் நீருக்கடியிலுள்ள ஏராக்கட்டை தடுக்கிறது. இடப்புறமாகச் சற்றுத்தூரம், பின் திரும்பி வலப்புறமாகச் சற்றுத்தூரம் என்று வளைந்து வளைந்தே எதிர்க்காற்றை வெல்ல வேண்டும்.

இந்த வித்தையைத் தெமோதரைக்காரருக்கு விளக்குவது எளிது. எல்லயிலிருந்து வரும் புகையிரதம் நமது நிலையத்தில் நின்று புறப்பட்டு, மலையைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தினுள் நுழைந்து பதுளைக்குப் போகிறது. நேராக இறங்க முடியாத சரிவைச் சுற்றிக் கடக்கிறது. தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைக் கண்டுதான் பொறியியலாளருக்கு இந்த யோசனை தோன்றியது என்று ஒரு கதை இங்கே வழங்குகிறது. வெறுங்கதையாகவே இருக்கட்டும். ஒரு மனிதனின் கைப்பழக்கத்திலே அறிவு உறைந்திருக்கிறது என்பதை நம் மக்கள் அறிந்திருந்தமைக்கு அது சான்று.

கடலோட்டத்தின் அடிப்படையும் அத்தகைய கைப்பழக்கமே. இதனை மனத்திலிருத்திக்கொண்டு நமது பழைய இலக்கியத்தைப் பார்ப்போம். புறநானூற்றின் 66ஆம் பாடலிலே, வெண்ணிக்குயத்தியார் கரிகாலனைப் பார்த்து, கடலிலே காற்றைத் தன் ஏவலுக்கு உட்படுத்திக் கலம் செலுத்தியவனின் வழித்தோன்றல் என்று விளிக்கிறார். அகநானூற்றின் 255ஆம் பாடலிலே மதுரை மருதன் இளநாகனார், இரவும் பகலும் ஓயாது காற்றினால் உந்தப்பட்டுக் கடலைப் பிளந்து செல்லும் பெருங்கலத்தையும், கரையிலே உயர்ந்த மாடத்து விளக்கின் ஒளியைக் குறியாகக் கொண்டு அதனைச் செலுத்துகின்ற நீகானையும் காட்டுகிறார். நீகான் என்றால் மாலுமி என்று அரும்பத விளக்கம் எழுதிவிட்டு நாம் அடுத்த பாடலுக்குப் போய்விடுகிறோம். அந்த நீகான் எப்படி நீகான் ஆனான்? எவரிடம் கற்றான்? பாடலில் அதற்கு விடையில்லை. கப்பலோட்டும் முறையைப் படிப்படியாகச் சொல்லும் சங்க நூலும் நம்மிடம் இல்லை.

விடையை அண்மைக் காலத்திலே தேடலாம். வடகரையிலுள்ள வல்வெட்டித்துறையிலே, சென்ற நூற்றாண்டின் முற்பாதி வரையில் மரக்கலங்களைக் கட்டினார்கள். பர்மாவுக்கும் இந்தியக் கிழக்குக் கரைத் துறைமுகங்களுக்கும் அவற்றை ஓட்டினார்கள். கப்பற் தலைவனைத் தண்டையல் என்று அழைத்தார்கள். தண்டையலாக வருவதற்குப் பள்ளிக்கூடம் இருக்கவில்லை. சிறு வயதிலே கலத்தில் ஏறியவன் எடுபிடி வேலை செய்தான், கயிறு திரித்தான், பாய்மரம் ஏறினான், பின்னர் சுக்கானைப் பிடித்தான், விண்மீன் பார்த்தான். தகப்பனும் மாமனும் தமையனுமே ஆசிரியர்கள். தவறினால் தண்டிப்பது கடல்.

அந்தக் கல்வி எத்துணை வலியது என்பதற்கு அன்னபூரணி என்ற கப்பல் சாட்சி. 1930இல் வல்வெட்டித்துறையிலே கட்டப்பட்ட, சுமார் 90 அடி நீளமான இரட்டைப் பாய்மரக் கப்பல் அது. அதனை விலைக்கு வாங்கியவர் வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்னும் அமெரிக்கர். அவரும் சாதாரணர் அல்லர். 32 அடி நீளமான ஸ்வாப் என்ற சிறு படகிலே 1928இல் புறப்பட்டு 1931இல் உலகைச் சுற்றி முடித்தவர். உலகத்துத் துறைமுகங்களைக் கண்ட அந்தக் கண்ணுக்கு வல்வைத் தச்சரின் கைவேலை பிடித்துப்போயிற்று. கப்பலுக்குத் தம் மனைவியின் பெயரால் புளோரன்ஸ் சி. றொபின்சன் என்று புதுப்பெயர் இட்டார்.

கப்பலை அமெரிக்காவுக்குக் கொண்டு செல்ல வேண்டும். தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் வல்வெட்டித்துறை மாலுமிகளும் அப்பொறுப்பை ஏற்றனர். செங்கடல், சுயெஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், பின்னர் அத்திலாந்திக் சமுத்திரம், பெர்மியூடாத் தீவு. இவ்வாறு கடந்து, 1938 ஆகஸ்டிலே மசாசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தனர். குளோஸ்டர் என்பது பாய்க்கப்பல் மீனவர்களுக்குப் பேர்போன ஊர். அந்த ஊரார் வியப்போடு பார்க்க, அமெரிக்கச் செய்தித்தாள்கள் எழுத, நம்மவர் கரையிறங்கினர். வங்கக் கடலுக்காகக் கற்ற வித்தை அத்திலாந்திக்கிலும் செல்லுபடியாயிற்று. கயிறும் பாயும் காற்றும் எங்கும் ஒரே மொழியைத்தான் பேசுகின்றன.

மரக்கலம் கட்டும் கையின் பெருமைக்கு இன்னோர் எடுத்துக்காட்டும் உண்டு. இடையில் எங்கும் கரை தொடாமல் தனியொருவராக உலகை முதன்முதலிற் சுற்றியவர் பிரித்தானியரான றொபின் நொக்ஸ்-ஜோன்ஸ்டன். 1968 ஜூனில் புறப்பட்ட அவர், 312 நாட்களின் பின் 1969 ஏப்ரல் 22இல் ஊர் திரும்பினார். அவரைச் சுமந்த சுஹைலி என்ற 32 அடிப் படகு, பம்பாயிலே உள்ளூர்த் தச்சரால் தேக்கு மரத்தாற் செய்யப்பட்டது.

இதே நொக்ஸ்-ஜோன்ஸ்டன் 1996இல் கிளிப்பர் என்னும் உலகம் சுற்றும் படகோட்டப் போட்டியைத் தொடக்கினார். அதன் புதுமை யாதெனில், படகிலே வேலை செய்வோரிற் பலர் ஏற்கெனவே கடலறியாதவர்கள். எழுதுவினைஞரும் தாதியரும் ஆசிரியரும் பணம் கட்டிச் சேர்கிறார்கள். நான்கு கட்டப் பயிற்சியை முடித்த பின்னரே அவர்கள் பெருங்கடலுக்கு அனுப்பப்படுகிறார்கள். பயிற்சி வகுப்பறையிலே முடிவதில்லை. படகின் மேற்றளத்திலே நடக்கிறது.

என்ன கற்பிக்கிறார்கள்? முதலிலே கயிறு. இருட்டிலும் நனைந்த விரலாலும் போட வேண்டிய முடிச்சு. இழுவை ஏறிய பின்னும் அவிழ்க்கக்கூடிய முடிச்சு. அடுத்துப் பாய். காற்று கடுமையாகும்போது பாயின் ஒரு பகுதியைச் சுருக்கிக் கட்ட வேண்டும். எப்போது சுருக்குவது என்பதற்குக் கடலோடிகள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: சுருக்கலாமா என்ற எண்ணம் முதலில் தோன்றும்போதே சுருக்கிவிடு. பின்னர் சுக்கான். பின்னர் முறைக்காவல். சில மணி நேரம் விழிப்பு, சில மணி நேரம் உறக்கம் என இரவும் பகலும் மாறி மாறி நடப்பது. இறுதியாக, ஒருவர் கடலில் விழுந்துவிட்டால் செய்ய வேண்டியது. ஒருவர் விழுந்தவரிடமிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டிக் காட்டிக்கொண்டே நிற்க வேண்டும். ஒரு தடவை பார்வை விலகினால் அலைகளினிடையே ஒரு தலையை மீண்டும் கண்டுபிடிப்பது அரிது. இதையெல்லாம் வாசித்தால் ஒரு மணி நேரத்தில் விளங்கிவிடும். ஆனால் கைக்கு விளங்கப் பல மாதங்கள் வேண்டும்.

இந்தியக் கடற்படையின் தாரிணி என்ற பாய்ப்படகின் வரலாறு இதனை நன்கு காட்டுகிறது. கோவாவிலே கட்டப்பட்ட 56 அடிப் படகு அது. 2017 செப்டெம்பர் முதல் 2018 மே வரை ஆறு பெண் அதிகாரிகள் அதிலே உலகைச் சுற்றினர். அதன் பின்னர் 2024 ஒக்டோபர் 2இல், இருவர் மட்டுமே அப்படகிற் புறப்பட்டனர். ஒருவர் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா. மற்றவர் புதுச்சேரித் தமிழ்ப்பெண் ரூபா அழகிரிசாமி. அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, போக்லாந்துத் தீவு, தென்னாபிரிக்கா ஆகிய இடங்களிற் கரைதொட்டு, 2025 மே 29இல் கோவா மீண்டனர். ஓடிய தூரம் சுமார் 25,400 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 47,000 கிலோமீற்றர். 50 கடல் மைல் வேகத்தைத் தொட்ட காற்றையும் தென்சமுத்திரத்து மலையலைகளையும் இருவர் கைகள் சமாளித்தன. ஒருவர் உறங்கினால் மற்றவர் விழித்திருக்க வேண்டும்.

அந்த எட்டு மாதங்களுக்குப் பின்னால் மூன்றாண்டுப் பயிற்சி இருந்தது. முதலிற் பலரோடு சேர்ந்து கேப் டவுனிலிருந்து றியோ வரை. பின்னர் இருவராகக் கோவாவிலிருந்து அந்தமானின் போட் பிளேயருக்கும், மொரீசியசின் போட் லூயிசுக்கும். அவர்களைப் பழக்கியவர் அபிலாஷ் டோமி. 2013இல் தனியாக, இடைநில்லாமல் உலகைச் சுற்றி முடித்த முதல் இந்தியர் அவரே. சுஹைலியைப் பார்த்துச் செய்யப்பட்ட துரியா என்ற படகில் 2018இல் போட்டியிட்டபோது புயலிலே பாய்மரம் முறிந்தது, முதுகெலும்பு காயமுற்றது. அசைய முடியாமற் கிடந்தவரை மூன்று நாட்களின் பின் பிரெஞ்சுக் கப்பலொன்று மீட்டது. அவரே மறுமுறை அதே போட்டியிற் கலந்து 2023இல் இரண்டாவதாக வந்தார். அத்தகைய ஒருவர் அருகிலே நின்று, இதை இப்படிப் பிடி என்று சொல்லும்போது கற்பவருக்குக் கிடைப்பது வெறும் தகவலன்று. ஓர் ஆயுளின் அனுபவம்.

இங்கேதான் நாம் கவலைப்பட வேண்டிய விடயம் வருகிறது. வல்வெட்டித்துறையிலே அந்தச் சங்கிலி அறுந்தது. நீராவிக் கப்பலும் மோட்டார்க் கலமும் வந்தன. பின்னர் போர்க்காலத்துக் கடற்றடைகள் வந்தன. எழுதப்படாத கல்வி, கற்பிக்கும் கை ஓய்ந்தவுடன் தானும் ஓய்ந்துவிடும். தண்டையல், சோளகம், ஏராக்கட்டை முதலிய சொற்கள் அகராதியிலே மிஞ்சும். அவற்றின் பொருளை உள்ளங்கையில் வைத்திருந்தவர் மிஞ்சார். நீகான் என்ற சொல்லுக்கு நேர்ந்தது அதுவே.

மலையகத்திலும் அவ்வாறான கல்வி உண்டு. கவ்வாத்துக் கத்தியை எந்தச் சாய்வில் இறக்கினால் தேயிலைச் செடி பிழைக்கும் என்பதை எந்தப் பாடசாலையும் சொல்லித் தரவில்லை. கொழுந்து எடுக்கும் விரலின் வேகத்தை மகள் தாயின் நிரைக்குப் பக்கத்து நிரையில் நின்றுதான் பெறுகிறாள். ஆயினும் இவ்வேலைகளைத் திறன் வேண்டாத கூலி வேலை என்றே ஏடுகள் எழுதிவந்துள்ளன. தம்பிப்பிள்ளைத் தண்டையலின் வித்தையை அமெரிக்கர் கண்டு வியந்தனர். அதனை எழுதி வைக்க நம்மவர் முந்தவில்லை. நம் வீட்டு முதியவர்களின் கையறிவுக்கும் அக்கதி நேராதிருக்க வேண்டும்.

இளைஞர்களே, இந்த வாரம் உங்கள் பாட்டியிடமோ தாத்தாவிடமோ அவர் செய்த வேலையை எப்படிக் கற்றார், எவரிடம் கற்றார் என்று கேளுங்கள். அவர் சொல்லும் சொற்களை அவர் சொன்னபடியே எழுதுங்கள். அரும்பத விளக்கம் எழுதுவதற்கு முன்னர், அந்தச் சொல்லுக்குரிய கையைப் பார்த்துவிடலாம்.