பரோட்டா ஊரில் 76 நாள் உண்ணாவிரதம்!

விருதுநகர்னு சொன்னதும் எண்ணெய் பரோட்டாதானே ஞாபகத்துக்கு வருது? அடுத்த முறை போனா, தேசபந்து மைதானத்துக்கும் ஒரு எட்டு போயிட்டு வாங்க. 'தேசபந்து' என்பது விடுதலைப் போராட்டத் தலைவர் சித்தரஞ்சன் தாஸுக்கு மக்கள் கொடுத்த பட்டம். பொதுக்கூட்டம்னா ஊரே கூடுற திடல் இது.

பார்க்க சாதாரண மைதானம்தான். ஆனா, நம்ம ஆதார் அட்டையில இருக்கிற 'தமிழ்நாடு' என்ற பெயருக்காக ஒருத்தர் பட்டினி கிடந்த இடம் இது.

அவர் இதே ஊரின் சங்கரலிங்கனார். சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு எனப் பெயரிட வேண்டும் என்பது உட்பட 12 கோரிக்கைகளுடன், 1956 ஜூலை 27-ம் தேதி உண்ணாவிரதம் தொடங்கினார். முதலில் சூலக்கரை மேட்டில், பிறகு இந்த மைதானத்தில். அப்போ முதலமைச்சர் யார் தெரியுமா? அதே ஊர்க்காரரான காமராஜர்! ஆனாலும் பெயர் மாறலை. 76 நாள் உண்ணாவிரதத்துக்குப் பிறகு, அக்டோபர் 13-ம் தேதி மதுரை மருத்துவமனையில் சங்கரலிங்கனார் இறந்தார்.

1967-ல் அண்ணா முதல்வரானதும் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. 1969 ஜனவரி 14 முதல் 'தமிழ்நாடு' அதிகாரபூர்வப் பெயரானது.

சாயங்காலமா போங்க. பரோட்டாவுக்கு முன்னாடி பத்து நிமிஷம் மைதானத்துல நின்னு, கூட வந்தவங்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்க.