நிரலாக்கம் படிக்கப் போகும் பிள்ளைக்கு எந்த மடிக்கணினி?

உயர்தரப் பெறுபேறுகள் வந்து, வெட்டுப்புள்ளிகளும் வெளியான பிறகு பல வீடுகளில் ஒரே கேள்விதான் ஓடுகிறது: பிள்ளை கணினி விஞ்ஞானம் படிக்கப் போகுது, என்ன லப்டொப் வாங்கிக் கொடுப்பது? திருநெல்வேலி வளாகத்துக்கோ, பம்பைமடுவுக்கோ, கிளிநொச்சி அறிவியல் நகருக்கோ, மொரட்டுவைக்கோ போகும் பிள்ளைக்கு அது கொப்பியும் பேனையும் போன்ற ஒரு பொருள். ஆனால் அதற்கான பணம் பெரும்பாலும் வங்கிச் சேமிப்பிலிருந்து வருவதில்லை. அடகுக்குப் போகும் நகை, எடுத்த சீட்டு, வெளிநாட்டில் இருக்கும் மாமாவின் உதவி, அல்லது கடையின் தவணை முறை. ஒருமுறை வாங்கினால் படிப்பு முடியும் வரை அதுதான் என்ற நிலையில், தவறான தெரிவுக்கு இரண்டாவது வாய்ப்புக் கிடையாது.

2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. பின்னர் ரூபாய் ஓரளவு மீண்டாலும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமானது. மடிக்கணினி முழுக்க முழுக்க இறக்குமதிப் பொருள் என்பதால் இவற்றின் சுமை நேரடியாக வாங்குபவர் தலையில் விழுகிறது. இதன் விளைவாக, கையில் இருக்கும் தொகைக்கு ‘பெட்டி உடைக்காத புதியது’ என்று கடையில் காட்டப்படுவது பெரும்பாலும் உற்பத்தி நிறுவனங்களின் மிக அடிமட்ட மாதிரியாக இருக்கிறது. அதை வாங்குவதைத்தான் தவிர்க்க வேண்டும். அதே பணத்துக்கு, பல வேளை அதைவிடக் குறைந்த பணத்துக்கும், அலுவலகங்களில் பாவித்துக் கழித்த நல்ல மடிக்கணினி ஒன்றை வாங்கலாம். நிரலாக்கம் படிக்கும் மாணவருக்கு அதுவே கூடிய பயன் தரும்.

ஏன் என்று விளங்குவதற்கு, நிரல் எழுதும்போது கணினிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். நிரல் எழுதுவதற்கு அதிவேகக் கணினி தேவை என்பது பொதுவான நம்பிக்கை. உண்மையில் பைதன் நிரல் ஒன்றை எழுதி ஓட்டிப் பார்க்கப் பத்து வருடப் பழைய கணினியும் போதும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மாணவர் ஒருவர் ஒரே நேரத்தில் நிரல் எழுதும் மென்பொருளைத் திறந்து வைத்திருப்பார். குரோமில் பதினைந்து பக்கங்கள் திறந்திருக்கும். ஒரு பக்கத்தில் விரிவுரைக் காணொளி ஓடும். பின்னணியில் தரவுத்தளம் ஒன்று இயங்கும். இவை எல்லாம் ஒன்றாகத் தங்கும் இடம்தான் ரேம் எனப்படும் தற்காலிக நினைவகம். விண்டோஸ் 11 எழுந்து நின்றவுடனேயே அதில் ஏறக்குறைய 3 முதல் 4 ஜிபி வரை பிடித்துக்கொள்கிறது. 4 ஜிபி உள்ள கணினியில் மிச்சம் எதுவும் இல்லை. 8 ஜிபி என்றால் முதலாம் வருடம் ஓடும். அன்ரொயிட் செயலி உருவாக்கும் பாடம் வரும்போது மூச்சு முட்டும். கைத்தொலைபேசியைக் கணினித் திரையில் பாவனை செய்து காட்டும் எமுலேற்றருடன் அன்ரொயிட் ஸ்டூடியோவைப் பாவிப்பதென்றால் 16 ஜிபி வேண்டும் என்று கூகுளே சொல்கிறது.

இடம் போதாதபோது கணினி நின்றுவிடுவதில்லை. மிஞ்சியவற்றைச் சேமிப்பகத்துக்குத் தள்ளி, தேவைப்படும்போது திரும்ப எடுக்கிறது. மலிவு மடிக்கணினிகள் இரண்டாவது முறை அடி வாங்குவது இங்கேதான். அவற்றில் பலவற்றில் இருப்பது எஸ்எஸ்டி அல்ல, தாய்ப்பலகையிலேயே ஒட்டப்பட்ட 64 அல்லது 128 ஜிபி இஎம்எம்சி சேமிப்பகம். அது மெதுவானது, கழற்றி மாற்றவும் முடியாது. 64 ஜிபியில் பெரும்பகுதியை விண்டோஸும் அதன் இற்றைப்படுத்தல்களுமே நிரப்பிவிடும். ரேமும் ஒட்டப்பட்டதாக இருந்தால் அந்தக் கணினி வாங்கிய நாளில் எப்படி இருந்ததோ அதைவிட மேம்படவே போவதில்லை.

பாவித்ததை வாங்கினால் உத்தரவாதம் இல்லையே என்று பெற்றோர் தயங்குவது நியாயமானது. ஆனால் உத்தரவாதம் பழுதுக்குத்தான், மந்தத்துக்கு இல்லை. ஒரு வருட உத்தரவாதத்தோடு வரும் செலரோன் கணினி, அந்த ஒரு வருடமும் பழுதில்லாமல் மெதுவாகவே ஓடும். இன்னொன்றையும் கவனியுங்கள்: 2023 முதல் இன்டெல் நிறுவனம் மடிக்கணினிகளில் செலரோன், பென்டியம் என்ற பெயர்களைக் கைவிட்டு, வெறுமனே ‘இன்டெல் புரொசெசர்’ என்று பெயரிட்டிருக்கிறது. கடைக்காரர் ‘இது இன்டெல்தான்’ என்று சொன்னால் அதோடு விட்டுவிடாமல் எந்த இன்டெல் என்று கேட்க வேண்டும்.

சரி, பாவித்ததில் எதைப் பார்ப்பது? லெனோவோவின் திங்க்பேட் ரி வரிசை, டெல்லின் லற்றிடியூட், எச்பியின் எலைட்புக் ஆகியவை நிறுவனங்களுக்கென்று செய்யப்பட்டவை. ஐரோப்பிய, அமெரிக்க, வளைகுடா அலுவலகங்கள் மூன்று நான்கு வருடங்களுக்கு ஒருமுறை இவற்றை மொத்தமாகக் கழித்துவிடும். அவைதான் பம்பலப்பிட்டி யுனிற்றி பிளாசா முதல் யாழ் நகரக் கடைகள் வரை வந்து சேர்கின்றன. திரும்பத் திரும்பத் திறந்து மூடத் தாங்கும் பிணைச்சல், நல்ல விசைப்பலகை, சாதாரணத் திருகாணியைக் கழற்றினால் உள்ளே எட்டக்கூடிய பாகங்கள் என்று இவற்றின் கட்டுமானமே வேறு. விசைப்பலகையைச் சிறிய விடயமாக நினைக்க வேண்டாம். நாள் முழுக்கத் தட்டச்சு செய்பவருக்கு அதுதான் வேலைக்கருவி.

ஆனால் எல்லாப் பழையதும் நல்லதல்ல. இங்கே தெளிவான ஒரு கோடு உண்டு. விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஐ முறைப்படி நிறுவ, மிகச் சில விதிவிலக்குகள் தவிர, இன்டெல்லில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசெசர் வேண்டும். தலைமுறையை அறிய இலக்கத்தைப் பார்த்தால் போதும். ஐ5-6300யு என்றால் ஆறாவது. ஐ5-8350யு என்றால் எட்டாவது. ஐ5-10210யு என்றால் பத்தாவது. ‘ஐ5’ என்பது மட்டும் எதையும் சொல்லாது; ‘ஐ7’ என்று ஒட்டியிருக்கும் ஆறாம் தலைமுறைக் கணினியைவிட எட்டாம் தலைமுறை ஐ5 மேலானது. இது வெறும் விண்டோஸ் பிரச்சினையும் அல்ல. மெல்லிய மடிக்கணினிகளுக்கான யு வகை ஐ5 ஏழாம் தலைமுறை வரை இரண்டு கோர்களோடுதான் வந்தது, எட்டாவதில்தான் நான்கானது. விண்டோஸ் 10 கைவிடப்பட்டதால் ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகள் இப்போது சந்தையில் மலிவாகக் குவிகின்றன. லினக்ஸ் மட்டுமே பாவிக்கத் தயாரான ஒருவருக்கு அது நல்ல பேரம். மற்றவர்கள் தள்ளி நிற்பது நல்லது.

எட்டாம் தலைமுறையில் திங்க்பேட் ரி480, லற்றிடியூட் 7490, எலைட்புக் 840 ஜி5 மூன்றும் 14 அங்குலத் திரை கொண்டவை. மூன்றிலும் ரேம் செருக இரண்டு இடங்கள் உண்டு. எடை ஒன்றரைக் கிலோ அளவில். ரி480 இல் உள்ளே ஒரு பற்றரி, வெளியே கழற்றக்கூடிய இன்னொரு பற்றரி என இரண்டு இருக்கின்றன. அதே குடும்பத்து எக்ஸ்280 இன்னும் மெல்லியது, பார்க்க அழகானது. ஆனால் அதன் ரேம் ஒட்டப்பட்டது. 8 ஜிபியோடு வாங்கினால் என்றும் 8 ஜிபிதான். இந்த ஒரு விவரம் விளம்பரத்தில் இருக்காது, கேட்டுத்தான் அறிய வேண்டும்.

‘இப்போது 8 ஜிபியோடு எடுப்போம், பிறகு கூட்டிக்கொள்ளலாம்’ என்பது சென்ற வருடம் வரை நல்ல ஆலோசனையாக இருந்தது. 2025 இன் பிற்பகுதியிலிருந்து செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்காக நினைவகச் சிப்புகள் அள்ளப்படுவதால் உலகச் சந்தையில் ரேமின் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. ஆகவே ஏற்கனவே 16 ஜிபி பூட்டியிருக்கும் ஒன்று கிடைத்தால் சில ஆயிரம் கூடக் கொடுத்தாலும் அதையே எடுப்பது இலாபம். சேமிப்பகத்தில் அப்படி அவசரம் இல்லை. 256 ஜிபி எஸ்எஸ்டி தொடக்கத்துக்குத் தாராளமாகப் போதும்.

பல மாணவர்கள் இதற்கு நேர் எதிர்த் திசையில் போய், கடன்பட்டு கேமிங் மடிக்கணினி வாங்குகிறார்கள். ‘ஏஐ படிப்பதற்குக் கிராபிக்ஸ் கார்ட் வேணும்’ என்பது வீட்டில் சொல்லப்படும் காரணம். (உண்மைக் காரணம் பெற்றோருக்கும் தெரியும்.) இளமாணிப் பட்டத்தில் வரும் இயந்திரக் கற்றல் பயிற்சிகளில் பெரும்பாலானவற்றைக் கூகுளின் கொலாப் தளத்தில் இலவசமாகவே செய்யலாம், இணைய இணைப்பு இருந்தால் போதும். முப்பரிமாண விளையாட்டு உருவாக்குவதையே தொழிலாக எடுக்க நினைப்பவருக்குத்தான் அந்தச் செலவு பொருந்தும். 15.6 அங்குல கேமிங் கணினி இரண்டு கிலோவுக்கு மேல். அதன் சார்ஜர் தனியாக அரைக் கிலோவுக்கு மேல் வரும். யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியில் அறிவியல் நகருக்கு நின்றுகொண்டே பஸ்ஸில் போகும் பிள்ளை அதை எத்தனை நாள் சுமக்கும்? விடுதியில் விட்டுவிட்டு வரத் தொடங்கினால் மடிக்கணினி வாங்கியதன் அர்த்தமே போய்விடும்.

தூக்கிச் செல்லக்கூடியது என்பதில் எடைக்குச் சமமாகப் பற்றரியும் அடங்கும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைக் கண்ட நாடு இது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததாகச் சொல்லப்பட்டு நாடே இருண்டதும் நினைவிருக்கும். பாவித்த கணினியில் பற்றரி தேய்ந்திருப்பது இயல்பு. எவ்வளவு தேய்ந்தது என்பதே கேள்வி. விண்டோஸிலேயே ‘பற்றரி ரிப்போர்ட்’ என்ற அறிக்கையை ஒரு நிமிடத்தில் எடுக்கலாம், கடைக்காரரிடம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதில் புதிதாக இருந்தபோதுள்ள கொள்ளளவும் இப்போதைய முழுக் கொள்ளளவும் அருகருகே இருக்கும். இரண்டாவது முதலாவதில் 60 சதவீதத்துக்குக் கீழே என்றால், புதிய பற்றரியின் விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கள். தொடுபலகை மேலெழும்பியோ, அழுத்தக் கடினமாகவோ இருந்தால் கீழே பற்றரி ஊதியிருக்கலாம். அப்படியே வைத்துவிட்டு வெளியேறுங்கள்.

நிறுவனங்களிலிருந்து வந்த கணினிகளுக்கே உரிய ஒரு பொறி பூட்டு. கணினி எழும்பும்போது பயொஸ் அமைப்புக்குள் போய்ப் பாருங்கள். கடவுச்சொல் கேட்டால், அதைக் கடைக்காரர் நீக்கித் தரும் வரை பணம் கொடுக்காதீர்கள். இன்னொரு பூட்டு மறைந்திருக்கும்: விண்டோஸைப் புதிதாக நிறுவி இணையத்தில் இணைத்ததும், முன்பு அதை வைத்திருந்த நிறுவனத்தின் பெயரைக் காட்டி அதன் கணக்கில் நுழையச் சொல்லும். அந்த நிறுவனம் விடுவிக்காமல் அதை முறையாக நீக்க முடியாது. முடிந்தால் உங்கள் கண் முன்னாலேயே விண்டோஸை மீளமைத்து, கைத்தொலைபேசி இணையத்தில் இணைத்துப் பாருங்கள். இக்மன் போன்ற தளங்களில் பார்த்துத் தனிநபரிடம் வாங்குவோர் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். கடைக்காரரையாவது நாளை தேடிப் போகலாம்.

திரைக்கு 1920 க்கு 1080 என்ற தெளிவுத்திறன் இருக்கிறதா என்று அமைப்புகளில் பாருங்கள். இவற்றில் சில 1366 க்கு 768 திரையோடும் விற்கப்பட்டன. அதில் நிரலின் வரிகள் குறைவாகவே தெரியும், கண்ணும் களைக்கும். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்தால் கறையும் இறந்த புள்ளிகளும் தெரியும். ஒவ்வொரு விசையையும் அழுத்திப் பாருங்கள்.

உறவினர் அனுப்புவதாக இருந்தால் விசைப்பலகையை முதலில் கேளுங்கள். பாரிஸிலிருந்து வரும் கணினியில் அஸேர்ட்டி விசைப்பலகை இருக்கும். அதில் எழுத்துகளின் இடம் மாறியிருப்பதோடு, இலக்கம் அடிக்கவே ஷிஃப்ட் விசை வேண்டும். ஜெர்மன் விசைப்பலகையில் நிரலாக்கத்துக்கு அடிக்கடி தேவைப்படும் நெளிவு அடைப்புக்குறிக்கு இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டும். மென்பொருளில் ஆங்கில அமைப்புக்கு மாற்றலாம், ஆனால் விசையில் அச்சிட்டிருப்பது ஒன்றாகவும் திரையில் விழுவது வேறாகவும் இருக்கும். புதிதாகப் பழகும் பிள்ளைக்கு அது தேவையில்லாத தலையிடி. இலண்டனிலிருந்தோ கனடாவின் ஆங்கிலப் பகுதியிலிருந்தோ வருவதில் இந்தச் சிக்கல் இல்லை.

கையில் பணம் சற்றுக் கூட இருந்தால் புதியதை வாங்குவதில் தவறில்லை, அது 16 ஜிபி கொண்ட ரைசன் 5 அல்லது அண்மைய ஐ5 ஆக இருக்குமானால். ஐபோன் செயலி உருவாக்க விரும்புவோர் மட்டும் அப்பிள் மக்கைப் பற்றி யோசிக்கலாம். அவற்றில் ரேமைப் பின்னர் கூட்டவே முடியாது என்பதை மறக்க வேண்டாம்.

வாங்கியதும் பற்றுச்சீட்டில் கணினியின் தொடர் இலக்கத்தையும், எத்தனை நாள் உத்தரவாதம் என்பதையும் எழுதி வாங்குங்கள். பாவித்த கணினிக்குக் கடை உத்தரவாதம் பெரும்பாலும் குறுகியது. அந்த நாட்களுக்குள் கணினியைப் பெட்டிக்குள் பூட்டி வைக்காமல், படிப்புக்கு வேண்டிய மென்பொருள்களை எல்லாம் நிறுவி, ஒரு நாளாவது காலை முதல் இரவு வரை தொடர்ந்து வேலை வாங்குங்கள். சூடாகி அணைந்துவிடும் கணினி, இடையில் அறுந்துபோகும் வைஃபை, சார்ஜ் ஏறாத துளை எல்லாம் கடையின் பத்து நிமிடச் சோதனையில் பிடிபடுவதில்லை. அந்த ஒரு நாளில்தான் பிடிபடும்.